சாய்வாகப் போன கேபிள்: ஒரு லண்டன் சமையலறை மரணத்தின் ஆய்வு

2004-ஆம் ஆண்டு, மேற்கு லண்டனில் ஒரு வீடு. டிஷ்வாஷரைத் திறந்து, கழுவிய பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருவர் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த உலோக ரேக்கைத் தொட்டார். கரண்டிகளைத் தொங்கவிடும் சாதாரண ரேக். மின்சாரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் அதில் மின்சாரம் இருந்தது. அவர் இறந்துபோனார்.

இறந்தவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மகள் என்பதால் செய்தி பெரிதாக வந்தது. மரண விசாரணையில் காரணமும் தெளிவாகத் தெரிந்தது. அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் சிம்னிக்குப் போன கேபிளைச் சுவருக்குள் நேராகக் கொண்டுபோகாமல் சாய்வாக இழுத்து, மேலே பூசி மூடியிருந்தார்கள். பிறகு வீட்டார் அந்த ரேக்கைச் சுவரில் பொருத்தியபோது ஸ்க்ரூ ஒன்று அந்தக் கேபிளில் போய் இறங்கியது. ரேக்கைப் பொருத்தியவர்கள் தவறான இடத்தில் துளை போடவில்லை. கேபிள் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

வீட்டு மின்விபத்து என்றால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு கோளாறைத்தான் நினைப்போம்: பிய்ந்த ஒயர், உடைந்த ஸ்விட்ச், ஈரக் கையோடு தொட்ட பிளக். இங்கே அப்படி எதுவும் இல்லை. புதுப்பித்த சமையலறை, வேலை செய்கிற சிம்னி, ஒழுங்காக மாட்டிய ரேக். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அதனாலேயே மின்வேலை செய்பவர்கள் இந்த நிகழ்வை இருபது ஆண்டுகள் கழித்தும் பேசுகிறார்கள்.

ஸ்க்ரூ எதைத் தொடும்

இங்கிலாந்து வீடுகளில் சுவருக்குள் போவது பெரும்பாலும் தட்டையான கேபிள். நம் ஊரில் போல பிவிசி பைப்புக்குள் தனித்தனி ஒயர்களாக இழுப்பது வீடுகளில் குறைவு. சாம்பல் நிற உறைக்குள் ஒரு பக்கம் ஃபேஸ், மறுபக்கம் நியூட்ரல், நடுவில் எர்த். எர்த் கம்பிக்குத் தனியாக இன்சுலேஷன் கிடையாது; வெறும் செம்பு. இந்தக் கேபிளைச் சுவரில் ஆழமில்லாமல் வெட்டிய பள்ளத்தில், அதாவது காடியில் வைத்து, மேலே ஒரு மெல்லிய தகட்டையோ பிளாஸ்டிக் மூடியையோ அடித்துப் பூசிவிடுவார்கள். அந்த மூடி பூச்சு வேலையின்போது கொத்தனாரின் கரண்டி கேபிளைக் கிழிக்காமல் இருக்கத்தான். டிரில் பிட்டை அது தடுக்காது.

அப்படிப்பட்ட கேபிளில் ஸ்க்ரூ இறங்கினால் என்ன ஆகும் என்பது சில மில்லிமீட்டரில் முடிவாகும். ஃபேஸையும் எர்த்தையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகிப் பெரிய சத்தம் வரும், பிரேக்கர் விழும், ஸ்க்ரூ நுனி கருகும். பயமாக இருக்கும், ஆனால் அதுதான் நல்ல முடிவு, ஏனென்றால் தவறு அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. எர்த்தை மட்டும் தொட்டால் ரேக்குக்கு ஓசியில் எர்த் கிடைத்த கதை. நியூட்ரலை மட்டும் தொட்டால் ரேக்கில் ஷாக் அடிக்கிற அளவு வோல்டேஜ் வராது. ஒன்றும் தெரியாமல் வருடக்கணக்கில் போகும்.

மிச்சமிருப்பது ஃபேஸை மட்டும் தொடுவது. இதில் வெளியே தெரிகிற அறிகுறி எதுவும் இருக்காது. சத்தமில்லை, புகையில்லை, பிரேக்கர் விழாது, சிம்னி எப்போதும் போல ஓடும். காய்ந்த பூச்சும் செங்கல்லும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாதவை. அதனால் 230 வோல்ட்டும் ரேக்கில் ஏறி அப்படியே நிற்கும்.

ஸ்க்ரூ முதல் நாளே செம்பைத் தொட வேண்டும் என்றும் இல்லை. பிவிசி இன்சுலேஷன் தொடர்ந்து அழுத்தப்பட்டால் மெல்ல நகர்ந்து விலகும் பொருள். சூட்டில் இன்னும் இளகும். இந்தக் கேபிள்களின் உச்ச வரம்பே 70 டிகிரி செல்சியஸ்தான். ஸ்க்ரூ மரையின் விளிம்பு இன்சுலேஷனை அழுத்திக்கொண்டே இருந்தால், பொருத்தியபோது பத்திரமாக இருந்த ரேக் பல மாதம் கழித்து உயிர் வாங்கும் ரேக்காக மாறலாம். "இவ்வளவு நாள் தொட்டுக்கொண்டுதானே இருந்தோம்" என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை.

தொட்ட இன்னொரு பொருள்

ரேக்கில் மின்சாரம் இருந்தால் மட்டும் ஆள் சாவதில்லை. காய்ந்த தரையில் ரப்பர் செருப்போடு நின்று அதைத் தொட்டவருக்கு ஒரு சுருக்கென்ற உணர்வோடு போயிருக்கும்; அதுகூட இல்லாமலும் போயிருக்கும். மின்சாரம் உடம்பு வழியாகப் போக இன்னொரு முனை வேண்டும். டிஷ்வாஷர் அந்த முனையைக் கொடுத்தது. அதன் உலோக உடம்பு முறைப்படி எர்த் செய்யப்பட்டது. அது சரியாக எர்த் ஆகியிருந்ததால்தான் மின்சாரத்துக்கு நல்ல வழி கிடைத்தது. பாதுகாப்புக்காகச் செய்த எர்த், வேறொரு இடத்துத் தவறால் ஆபத்தின் மறுமுனையாகிவிட்டது. சமையலறையும் குளியலறையும் மற்ற அறைகளைவிட ஆபத்தானவை என்று சொல்வதற்குத் தண்ணீர் பாதிக் காரணம். கையெட்டும் தூரத்தில் எர்த் செய்த உலோகம் நிறைய இருப்பது மீதிக் காரணம்.

கணக்கைப் பார்க்கலாம். கையிலிருந்து கால் வரை மனித உடம்பின் மின்தடை இந்த வோல்டேஜில் தோராயமாக 1,000 முதல் 2,000 ஓம். நடுவில் 1,500 என்று வைத்தால் 230-ஐ அதால் வகுக்க, சுமார் 150 மில்லி ஆம்பியர் வருகிறது. பிடித்ததை விட முடியாமல் தசை இறுகிக்கொள்ள 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் போதும். 150 மில்லி ஆம்பியர் மார்பு வழியாக ஒரு விநாடி போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோக எல்லா வாய்ப்பும் உண்டு.

பிரேக்கர் என்ன செய்துகொண்டிருந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். அங்கே சமையலறை சாக்கெட் சுற்றுக்கு வழக்கமாகப் போடுவது 32 ஆம்பியர், அதாவது 32,000 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்லும் 150 மில்லி ஆம்பியர் அதன் கண்ணில் படவே படாது. ஒரு சின்ன குண்டு பல்பு இதைவிட அதிகம் இழுக்கும். ஃபியூஸும் எம்சிபியும் (பிரேக்கர் என்று சொன்னது இதைத்தான்) கேபிள் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதற்காக வந்தவை. அவற்றை நம்பி "எம்சிபி போட்டாச்சு, பயமில்லை" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் நம் ஊரிலும் ஏராளம். சொல்லிக்கொடுக்கும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ஆளைக் காக்க வந்த கருவி வேறு. இங்கிலாந்தில் ஆர்சிடி என்பார்கள், நம் ஊர்க் கடைகளில் ஆர்சிசிபி, பழக்கத்தில் ஈஎல்சிபி. ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 300 மில்லி விநாடிக்குள்ளும், அதைப் போல ஐந்து மடங்கு, அதாவது 150 வந்தால் 40 மில்லி விநாடிக்குள்ளும் அணைக்க வேண்டும் என்பது அதன் தரம். இதயம் ஒரு முறை துடிக்க எடுக்கும் நேரம் சுமார் 800 மில்லி விநாடி. ஆர்சிடி ஷாக்கின் வேகத்தைக் குறைப்பதில்லை. அதே 150 மில்லி ஆம்பியர்தான் உடம்பில் பாயும். ஆனால் இதயம் குலைவதற்குள் நின்றுவிடும். வலிக்கும், கத்துவோம், பாத்திரம் கையிலிருந்து விழும், ஆள் பிழைப்பார்.

கேபிள் போகலாம் என்று விதித்த வழி

சுவருக்குள் கேபிள் எங்கே போகலாம் என்பதற்கு இங்கிலாந்தில் தெளிவான விதி விபத்துக்கு முன்பே இருந்தது. பிஎஸ் 7671 என்ற வயரிங் தரம் சொல்வது இது: 50 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழத்தில் கேபிளைப் புதைத்தால், அது ஸ்விட்ச், சாக்கெட் போன்ற கண்ணுக்குத் தெரியும் ஒன்றிலிருந்து நேர் மேலாகவோ நேர் கீழாகவோ நேர் கிடையாகவோதான் போக வேண்டும். இல்லையென்றால் சுவரின் மேல் விளிம்பிலிருந்தோ இரண்டு சுவர்கள் சேரும் மூலையிலிருந்தோ 150 மில்லிமீட்டர் அகலப் பட்டைக்குள் போகலாம். அதுவும் முடியாதென்றால் எர்த் செய்த உலோக உறை வேண்டும்.

இந்த விதி கேபிளுக்காக எழுதியதில்லை. பத்து வருடம் கழித்து அந்தச் சுவரின் முன் டிரில்லோடு நிற்கப்போகிற ஆளுக்காக எழுதியது. அவர் எலக்ட்ரீஷியனாக இருக்க மாட்டார். வரைபடம் அவரிடம் இருக்காது. ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார், அதற்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் தவிர்ப்பார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அந்த ஊகம் பலிக்கும்படி கேபிளைப் போடுவது முன்னால் வந்தவரின் பொறுப்பு. சாக்கெட்டிலிருந்து சிம்னிக்குச் சாய்வாக இழுத்தால் அரை மீட்டர் கேபிளும் கொஞ்ச நேரக் காடி வெட்டும் வேலையும் மிச்சமாகும். சிம்னியும் ஓடும். பூச்சு காய்ந்த பிறகு அந்தச் சாய்வை யாராலும் பார்க்க முடியாது.

ஆழமாகப் புதைத்துவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. காடி வெட்டினால் சுவர் பலவீனமாகும். அதனால் நெடுக்குக் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும் கிடைக்காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது அங்கே கட்டட விதி. 100 மில்லிமீட்டர் சுவரில் அதிகபட்சம் 33 மில்லிமீட்டர்தான் வெட்டலாம். 50 எட்டவே எட்டாது. மெல்லிய சுவரில் இன்னொரு தொல்லையும் உண்டு: இந்தப் பக்கம் சமையலறை, அந்தப் பக்கம் படுக்கையறை. படுக்கையறையில் படம் மாட்டுகிறவருக்குச் சமையலறை ஸ்விட்ச் தெரியாது.

ஆக, ஆழம் உதவாது. பாதை ஒழுங்காக இருக்க வேண்டும். அது தவறினால் ஆர்சிடி பிடிக்க வேண்டும். 2008-இல் வந்த பிஎஸ் 7671-இன் 17-ஆம் பதிப்பு இந்த இரண்டாவதைக் கட்டாயமாக்கியது. வீட்டுச் சுவரில் 50 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழத்தில் உலோகக் காப்பில்லாமல் புதைக்கும் கேபிளுக்கு, சரியான பாதையில் போனாலும்கூட, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி வேண்டும் என்றது. மனிதர்கள் பாதையை மதிக்க மாட்டார்கள் என்பதை விதி ஒப்புக்கொண்ட இடம் அது என்றே நான் வாசிக்கிறேன்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு மரணம்

2007 டிசம்பரில், பர்மிங்ஹாமுக்கு அருகே வெஸ்ட் பிராம்விச்சில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றில் 22 வயது இளம் தாய் மின்சாரம் தாக்கி இறந்தார். வெந்நீர்க் கருவி இருந்த இடத்தில் கசிந்த தண்ணீரைக் கவனிக்கப் போனவர் அவர். கட்டுமானத்தின்போது உலோகச் சட்டத்தில் ஜிப்சம் பலகையை முடுக்கிய ஸ்க்ரூ ஒன்று உள்ளே போன கேபிளைத் துளைத்திருந்தது. சட்டம் முழுக்க மின்சாரம் ஏறி ஆள் குடிவந்த பிறகும் அப்படியே இருந்தது.

மேலோட்டமாக இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. வெஸ்ட் பிராம்விச்சில் சேதம் நடந்தது வீட்டை ஒப்படைப்பதற்கு முன்பு. இன்சுலேஷன் சோதனை என்று ஒன்று இருக்கிறது. 500 வோல்ட் டிசி கொடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலான தடையை அளப்பது. நம் ஊரில் 'மெகர் பார்ப்பது'. நல்ல கேபிள் பல மெகா ஓம் காட்டும். ஸ்க்ரூ ஏறிய கேபிள் சட்டத்தின் வழியாகக் காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. அந்தச் சோதனையை முறையாகச் செய்யாமல் சான்றிதழில் எண்களை இட்டுக்கட்டி எழுதியிருந்தார்கள் என்பது வழக்கில் வெளிவந்தது. 2014-இல் மின்வேலை நிறுவனத்துக்கு 3 லட்சம் பவுண்டு அபராதம். மேற்பார்வையாளருக்கு 1,000 பவுண்டு.

லண்டன் சமையலறையில் மெகர் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. வேலை முடிந்த அன்று கேபிள் முழுசாக இருந்தது. எந்த மீட்டரும் கேபிளின் பாதையைக் காட்டாது. பூச்சுக்கு முன் கண்ணால் பார்த்தவர் மட்டுமே அதைப் பிடித்திருக்க முடியும். சோதனைச் சான்றிதழ் என்ற காகிதத்தின் மேல் நாம் வைக்கும் நம்பிக்கைக்கு இந்த இரண்டு நிகழ்வும் இரண்டு பக்கத்திலிருந்து அடி கொடுக்கின்றன: ஒன்றில் காகிதம் பொய், இன்னொன்றில் காகிதம் உண்மையாக இருந்தாலும் போதாது.

'பார்ட் பி' வந்த கதை

2005 ஜனவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டட விதிகளில் 'பார்ட் பி' (Part P) என்ற பகுதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை அங்கே வீட்டு வயரிங்கை யார் வேண்டுமானாலும் செய்யலாம், கேட்பார் இல்லை. பிஎஸ் 7671 நல்ல வழிகாட்டிதான். அதுவே சட்டம் கிடையாது. பார்ட் பி வந்த பிறகு பெரிய வேலைகளை உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது பதிவு பெற்றவர் செய்து தாமே சான்று தர வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினரின் மகள் இறந்ததால்தான் இந்தச் சட்டம் வந்தது என்று எலக்ட்ரீஷியன்கள் பலர் இன்றும் சொல்வார்கள். சரியில்லை. இதற்கான கருத்துக் கேட்பு 2002-லேயே நடந்தது. முடிவு வரும் தறுவாயில்தான் விபத்து. அந்த மரணம் சட்டத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. அதனால் ஒரு கேள்வியையும் யாரும் கேட்காமல் விட்டார்கள்: பார்ட் பி முன்பே இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா?

எனக்குச் சந்தேகம்தான். மின்னமைப்பை இயக்குபவர், பராமரிப்பவர், மாற்றியமைப்பவர் ஆகியோரைத் தீயிலிருந்தும் காயத்திலிருந்தும் காக்க நியாயமான ஏற்பாடு வேண்டும் என்பது அந்த விதியின் சாரம். ரேக் மாட்டுகிறவர் இந்த மூவரில் யார்? கரண்டி எடுக்கிறவர் யார்? மேலும் பதிவுத் திட்டங்களில் சமையலறை, குளியலறை பொருத்துபவர்களுக்கென்று சுருக்கமான பயிற்சியோடு ஒரு வரையறுக்கப்பட்ட தகுதியும் இருந்தது. அவர் செய்த வேலைக்கு அவரே சான்று தருவார். பூச்சுக்குப் பிறகு வந்து பார்க்கும் அதிகாரிக்குச் சாய்வு தெரியப்போவதில்லை. அறியாமல் செய்யும் ஆளைக் குறைக்கும் அளவில் சட்டம் நல்லது. அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், 2013 ஏப்ரலில் இங்கிலாந்தில் இந்த விதியைத் தளர்த்தியபோது, முன்கூட்டித் தெரிவிக்க வேண்டிய சிறப்பு இடங்களின் பட்டியலிலிருந்து சமையலறையையே எடுத்துவிட்டார்கள். புதிய சுற்று போடுவது, மெயின் போர்டை மாற்றுவது, குளியலறை வேலை போன்றவை மட்டும் மிஞ்சின. இருக்கிற சாக்கெட்டிலிருந்து சிம்னிக்கு ஒரு கேபிள் இழுப்பது இன்று அங்கே யாருக்கும் சொல்லாமல் செய்யக்கூடிய வேலை.

நம் பக்கம்

வோல்டேஜ் அங்கேயும் இங்கேயும் அதே 230. உடம்பும் அதே உடம்பு. தமிழ்நாட்டு வீடுகளில் ஒயர் பைப்புக்குள் போவதால் ஒரு சிறு வசதி உண்டு: டிரில் பைப்பைத் துளைத்தாலும் ஒயர் உள்ளே நகர்ந்து தப்பிக்க இடமிருக்கும். ஆனால் பிவிசி பைப் டிரில்லைத் தடுக்காது. வீடு கட்டும்போது ஸ்லாபிலிருந்து நேராக இறங்கும் பைப்புகள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கின்றன. சாய்வு வருவது பிறகுதான்: ஏசிக்கு ஒரு பாயின்ட், கீசரை இடம் மாற்றியது, மாடுலர் கிச்சன் வந்தபோது சிம்னிக்கு இழுத்தது. எலக்ட்ரீஷியன் காடி வெட்டிய வாரத்திலேயே தச்சர் அலமாரிகளுக்குச் சுவர் முழுக்கத் துளை போடுவார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகளிலேயே மின்கசிவுக் காப்புக் கருவி பற்றிய கட்டாயம் வந்துவிட்டது. ஆனால் சும்மா சும்மா விழுகிறது என்று அதைக் கழற்றி நேராக இணைத்துக் கொடுக்கிற ஆட்களும் நம்மிடம் உண்டு. சும்மா விழுவதில்லை, எங்கோ கசிகிறது.

பூச்சுக்கு முன் எல்லாச் சுவரையும் அளவு டேப் வைத்துப் போனில் படம் எடுத்து வைப்பது பத்து நிமிட வேலை. ரேக், டிவி, கண்ணாடி என்று எதையாவது ஸ்க்ரூ போட்டு மாட்டிய பிறகு அதன் உலோகத்தில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது அதைவிடக் குறைவு, யாரும் செய்வதில்லை என்றாலும். ஆர்சிசிபியின் 'டி' (டெஸ்ட்) பொத்தானை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அசையாத கருவி உள்ளுக்குள் இறுகி, தேவைப்படும் நாளில் விழாமல் போகலாம். பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கும், வீட்டு எர்த்தைச் சோதிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் தொட்டவரை ஆர்சிசிபி காப்பாற்றாது.

இங்கிலாந்தில் 2008 விதி அதற்குப் பிறகு செய்யும் வேலைகளுக்குத்தான் பொருந்தும். 2008-க்கு முன் புதைத்த கேபிள்கள் அப்படியேதான் இருக்கின்றன; போர்டு மாற்றாத வீடுகளில் ஆர்சிடி இல்லாமலும் இருக்கும். லண்டனின் ஹாரோவிலும் வெம்ப்ளியிலும் நம்மவர்கள் வாங்கிய வீடுகளில் பல இந்த வயதுடையவை. தனியார் வாடகை வீடு என்றால் 2020 விதிகளின்படி குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதி பெற்றவர் சோதித்து அறிக்கை தர வேண்டும். குடியிருப்பவர் அதை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கலாம். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. சோதனைக்கு அவரே ஆள் கூப்பிட வேண்டும்.